ஏவுமேடைக்குப் போகும் ஒயர்

2023 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலிருந்து ஒரு ஹைபிரிட் ராக்கெட் கிளம்பியது. உள்ளே, பள்ளி மாணவர்கள் பங்கெடுத்துச் செய்த 150 பிகோ செயற்கைக்கோள்கள். மார்ட்டின் அறக்கட்டளை, டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் இன்டர்நேஷனல் ஃபவுண்டேஷன், ஸ்பேஸ் ஸோன் இந்தியா மூன்றும் சேர்ந்து நடத்திய ஏவுதல் அது. 2024 ஆகஸ்ட் 24 காலை, அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்று வடக்கே இருக்கும் திருவிடந்தையில், நகரும் ஏவுதளம் ஒன்றிலிருந்து ஸ்பேஸ் ஸோன் இந்தியாவின் ‘ரூமி-1’ பறந்தது. நித்யகல்யாணப் பெருமாள் கோயில் கொண்ட அந்த ஊருக்கு ராக்கெட் ஊர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

இந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு மாதிரி ராக்கெட் பக்கம் வரும் மாணவர்கள் மோட்டார் பற்றியும் மூக்குக்கூம்பு பற்றியும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பொத்தானிலிருந்து ராக்கெட் வரை மணலில் கிடக்கும் ஒயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அது அறுந்துபோகிற நாள் வரை. அறுந்த பிறகு கேட்பதும் பெரும்பாலும் கடைக்காரரிடம்தான். அவர் பதிலுக்கு, “எத்தனை ஆம்ப் லோடு?” என்பார். வீட்டுக்கு ஒயர் இழுப்பவருக்கு அது சரியான கேள்வி. ராக்கெட்காரருக்கு அது தவறான கேள்வி.

ஏன் என்று பார்க்குமுன், பொத்தான் இருக்கும் பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏவுகட்டுப்பாட்டுப் பெட்டி என்று பெரிதாகப் பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பவை ஒரு பாட்டரி, கழற்றி எடுக்கக்கூடிய ஒரு சாவி, விரலை எடுத்ததும் தானே அணையும் ஒரு அழுத்துபொத்தான், சுற்று முழுமையாக இருக்கிறதா என்று காட்டும் சின்ன விளக்கு. அதிலிருந்து இரட்டை ஒயர் ஏவுமேடைக்குப் போகிறது. ஒயரின் நுனியில் இரண்டு அலிகேட்டர் கிளிப். அவை கவ்விப் பிடித்திருப்பது மோட்டாரின் வாய்க்குள் செருகிய இக்னைட்டரை. இக்னைட்டரின் உயிர், தலைமுடி போன்ற ஒரு மெல்லிய கம்பித் துண்டு. மின்சாரம் பாய்ந்ததும் அது ஒரு நொடிக்குள் சிவந்து, தன்மேல் பூசிய மருந்தைக் கொளுத்திவிட்டு அறுந்துபோகும்.

தீபாவளி ராக்கெட்டுக்கு ஊதுபத்தி போதுமே, இதற்கு எதற்கு இத்தனை சடங்கு என்று கேட்கலாம். இந்தச் சடங்குக்காகத்தான் மாதிரி ராக்கெட் என்ற பொழுதுபோக்கே பிறந்தது. 1957 வாக்கில் அமெரிக்காவில் ஸ்புட்னிக் மோகத்தில் சிறுவர்கள் இரும்புக் குழாயில் மருந்தை அடைத்துக் கை விரல்களை இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவரும், ராக்கெட் பொறியாளரான ஹாரி ஸ்டைனும் சேர்ந்து அதற்கு மாற்றாகக் கொண்டுவந்ததே அட்டைக் குழாய், ஆலையில் செய்த மோட்டார், தூரத்திலிருந்து மின்சாரத்தால் பற்றவைத்தல் என்ற முறை. அமெரிக்க தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு நெறிப்படி சின்ன மோட்டாருக்கு 15 அடி, அதற்கு மேற்பட்டதற்கு 30 அடி தள்ளி நிற்க வேண்டும். உயர்சக்தி மோட்டார் என்றால் 100 அடியில் தொடங்கி 1,000 அடியையும் தாண்டிப் போகும். ஒயரின் நீளத்தை முடிவு செய்வது இந்த எண்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓம் விதி பத்தாம் வகுப்புப் பாடம்தான், ஆனால் அது இங்கே போல வேறெங்கும் சுவாரசியப்படுவதில்லை.

ஒரு சாதாரண இக்னைட்டரின் மின்தடை சுமார் 0.7 ஓம். அது பற்றிக்கொள்ள ஏறக்குறைய 2 ஆம்பியர் வேண்டும். பழைய யூ.பி.எஸ். பெட்டியில் இருக்குமே, அந்த 12 வோல்ட் பாட்டரி நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டரியின் உள்தடை, சுவிட்ச், கிளிப் எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.1 ஓம். தூரம் 10 மீட்டர். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். ஆக ஒயரின் நீளம் 20 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புப் பின்னல் ஒயருக்கு ஐ.எஸ். 8130 தரநிலை அனுமதிக்கும் உச்சத் தடை கிலோமீட்டருக்கு 39 ஓம். 20 மீட்டருக்கு 0.78 ஓம். மொத்தம் 1.58 ஓம். 12-ஐ 1.58-ஆல் வகுத்தால் சுமார் 7.6 ஆம்பியர். தேவைக்கு மூன்று மடங்குக்கும் மேல். கடையிலேயே மெலிந்த ஒயர்களில் ஒன்று, ஆனாலும் வேலை முடிந்தது.

ஒயர் சூடாகி உருகிவிடாதா? கடைக்காரரின் கவலை அதுதான். அந்த ஒயரில் ஒரு மீட்டருக்கு நாலரை கிராம் செம்பு இருக்கிறது. 7.6 ஆம்பியர் ஒரு நொடி பாய்ந்தால் அதன் வெப்பநிலை ஏறக்குறைய 1.3 டிகிரி செல்சியஸ்தான் உயரும். ஏவுகட்டுப்பாட்டுப் பெட்டி வாழ்நாள் முழுக்க நொடிக்கணக்கில் மட்டுமே வேலை செய்கிறது. அதனால் ஆம்பியர் தாங்குமா என்பது இங்கே கேள்வியே இல்லை. மொத்தத் தடையில் ஒயர் எத்தனை பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. 12 வோல்ட்டும் தடைக்குத் தக்கபடி பங்கு பிரிகிறது. ஒயர் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் இக்னைட்டருக்கு.

அதே கணக்கை நான்கு பென்சில் செல் போட்ட பெட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 6 வோல்ட். புது ஆல்கலைன் செல் என்றால் நான்கின் உள்தடையும் சேர்ந்து சுமார் 0.7 ஓம். அப்போது 2.6 ஆம்பியர் கிடைக்கும், தப்பித்துக்கொள்ளலாம். பெட்டிக்கடையில் வாங்கிய மலிவு செல், அதுவும் ரிமோட்டில் பாதி ஓடியது என்றால் உள்தடை 3 ஓமுக்கே போய்விடும். கிடைப்பது 1.3 ஆம்பியர். ராக்கெட் அசையாது. உடனே ஒயரைத்தான் சந்தேகப்படுவார்கள். சரி, 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் ஒயராக மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கிடைப்பது 1.5 ஆம்பியர். அப்போதும் அசையாது. ஒயரைக் குற்றம் சொல்லுமுன் செல்லை மாற்றிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒயர் உண்மையிலேயே காலை வாரும் இடம் வேறு. நான்கு மோட்டார்களை ஒன்றாகக் கட்டிய ராக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இக்னைட்டர்களும் பக்கவாட்டு இணைப்பில், அதாவது பேரலலில். மொத்தத் தடை 0.7-இல் கால் பங்கு, 0.175 ஓம். பெரிய ராக்கெட் என்பதால் 30 மீட்டர் தள்ளி நிற்கிறோம். போக வர 60 மீட்டர். 0.5 ஒயர் என்றால் அதன் தடை 2.34 ஓம். பாட்டரியிலிருந்து கிளம்புவது 4.6 ஆம்பியர். நான்காகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 1.15. அவற்றில் கொஞ்சம் சூடு பிடிக்கும் சுபாவமுள்ள ஒன்று முதலில் கொளுத்தும், மற்றவை யோசிக்கும். ஒரு பக்க மோட்டார் மட்டும் எரிந்தால் ராக்கெட் மேலே போகாது. சாய்ந்து போகும், யார் பக்கம் என்று சொல்ல முடியாது. அதே இடத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அதன் தடை 0.8 ஓம். மொத்தம் 11 ஆம்பியருக்கு மேல், தலைக்கு 2.8. நான்கும் சேர்ந்து பற்றும். தனி மோட்டாருக்குத் தாராளமாகப் போதுமாக இருந்த ஒயர், நான்கைச் சேர்த்ததும் ஆபத்தாகிவிடுகிறது.

இன்னொன்று. தரநிலை சொல்லும் தடை 20 டிகிரிக்கு. சித்திரை மதியத்தில் கடற்கரை மணலில் கறுப்பு ஒயர் 60 டிகிரி வரை கொதிக்கும். செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 40 டிகிரிக்கு ஏறக்குறைய 16 சதவீதம். கணக்கைக் கச்சிதமாகப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு அது போதும் கவிழ்க்க.

கடைக்குப் போகலாம். சென்னை ரிச்சி தெருவிலும் செங்கல்பட்டு எலெக்ட்ரிகல் கடைகளிலும் இன்று ‘ஸ்கொயர்’ கணக்குதான்: 0.5, 0.75, 1, 1.5, 2.5. ஆனால் பழைய ஆட்கள் இன்னமும் 14/36, 23/36, 40/36 என்று கேட்பதைப் பார்க்கலாம். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை; இரண்டாவது பிரிட்டிஷ் கேஜ். 36-ஆம் நம்பர் இழை 0.193 மில்லிமீட்டர் விட்டம். 40/36 என்றால் ஏறக்குறைய 1.17 சதுர மில்லிமீட்டர். இதற்குள் அமெரிக்கக் கேஜ் வந்து குழப்பும், ஏனென்றால் ராக்கெட் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே 18 கேஜ் என்றால் 0.82 சதுர மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 18 கேஜ் 1.17. புத்தகத்தில் ‘18 கேஜ்’ என்று படித்துவிட்டு இங்கே வந்து அப்படியே கேட்டால், கிடைப்பது கொஞ்சம் தடித்ததாகத்தான் இருக்கும், நஷ்டமில்லை. ஆனாலும் இந்தக் குழப்பமே வேண்டாம். சதுர மில்லிமீட்டரில் கேட்பதே உத்தமம்.

நஷ்டம் வருவது போலிச் செம்பில். ஸ்பீக்கர் ஒயர் என்று விலை மலிவாகத் தொங்கும் பலவும் அலுமினிய இழைக்குச் செம்பு முலாம் பூசியவை. அவற்றின் தடை, நல்ல செம்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கண்டுபிடிப்பது சுலபம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சந்தேகமிருந்தால் லைட்டர் சுடரில் காட்டுங்கள்: அலுமினியம் 660 டிகிரியில் தளர்ந்து தொங்கும், 1,085 டிகிரி வரை தாங்கும் செம்பு சும்மா சிவந்து நிற்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ஒயர் பொறுக்குகிறவர்கள் சட்டைப் பையில் பிளேடு வைத்துக்கொள்ளலாம்.

செங்கல்பட்டு ஊருக்குள் ஏவினால் இத்துடன் கதை முடிந்தது. மாமல்லபுரம் பக்கம் போனால் உப்புக் காற்று காத்திருக்கிறது. கடல் தெறித்துக் காற்றில் கலக்கும் உப்பு, சாதாரணச் சோடியம் குளோரைடு மட்டுமல்ல. கூடவே மக்னீசியம் குளோரைடும் உண்டு. சோடியம் குளோரைடு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோரத்தில் அதற்குக் கீழே ஈரப்பதம் இறங்குவது அபூர்வம். ஆகவே கிளிப்பின் மேல் படிந்த உப்பு ஒருபோதும் முழுசாகக் காய்வதில்லை. அந்த ஈரப் படலத்தில் செம்பு மெல்லக் களிம்பு ஏறுகிறது. (சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையும் செம்பின் களிம்புதான்.) உலோகத்தைக் கடற்காற்று தின்பதைப் படிப்பதற்கென்றே காரைக்குடி ‘சிக்ரி’, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் ஓர் அரிமான ஆய்வு மையம் வைத்திருக்கிறது என்றால் நம் கடற்கரையின் குணத்தைப் புரிந்துகொள்ளலாம்.

ஒயரின் வெட்டுமுனையில் உப்புநீர் பட்டால் அது இழைகளுக்கிடையே உள்ள சந்து வழியாகப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஏறிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும் ஒயரை ஒரு ஜாண் உரித்தாலும் உள்ளே கறுப்பாகவே இருப்பதை மீன்பிடிப் படகுகளில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. கிளிப்பை முறுக்கிக் கட்டினாலும் தொடர்பு கிடைக்காது. ஈயமுலாம் பூசிய செம்பிழை ஒயர் இதற்கு நல்ல மருந்து. கிடைக்காவிட்டால் வெட்டுமுனையை உடனே ஈயம் வைத்து மூடி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 16 இழைகளில் 14 அறுந்து, ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு இரண்டே இழை பிடித்துக்கொண்டிருக்கும் ஒயரைப் பார்த்தால் எவருக்கும் பதறும். அந்த ஒரு சென்டிமீட்டரின் தடை சுமார் 0.003 ஓம்தான்; மின்சாரக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. இழுத்தால் அறுந்துவிடும் என்பதுதான் அதன் குற்றம். பார்வைக்குப் பழுதில்லாத, ஆனால் களிம்பேறிய ஒரு கிளிப்போ அரை ஓம் வரை எடுத்துக்கொள்ளும்; 0.5 ஒயரில் ஏறக்குறைய பதின்மூன்று மீட்டருக்குச் சமம். ஒயரை ஒரு சைஸ் ஏற்றி வாங்கும் காசில் நல்ல கிளிப் நான்கும் உப்புத்தாள் ஒன்றும் வாங்கிவிடலாம். ஒவ்வொரு ஏவுதலுக்கு முன்னும் கிளிப்பின் பல்லை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பது வழக்கமாகிவிட வேண்டும். இக்னைட்டரின் புகையே கிளிப்பைக் கறைப்படுத்தும் என்பதால் கடலிலிருந்து வெகு தூரத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தடிமனுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இக்னைட்டர் எரிந்ததும் கிளிப்புகள் இரண்டும் துள்ளி ஒன்றையொன்று தொட்டுவிடுவது சகஜம். விரல் இன்னும் பொத்தான்மேல் இருக்கும். 2.5 ஒயர் 10 மீட்டர் என்றால் அந்தக் கணத்தில் 40, 50 ஆம்பியர் பாயும். சின்னப் பொத்தானின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொள்ள அது போதும். ஒட்டிக்கொண்ட பொத்தானுடன் அடுத்த ராக்கெட்டுக்கு இக்னைட்டர் மாட்டப் போகிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காரில் போடும் ஃபியூஸ் ஒன்றைப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டால் இந்தப் பயம் பெருமளவு குறையும்.

நீளம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ராக்கெட் வரலாற்றில் ஒரு பிரசித்தமான சாட்சி இருக்கிறது. 1960 நவம்பர் 21, அமெரிக்காவின் கேப் கனாவரல் ஏவுதளம். மெர்குரி-ரெட்ஸ்டோன் 1 என்ற ஆளில்லாச் சோதனை ராக்கெட். ராக்கெட்டின் வாலில் தரையிலிருந்து இரண்டு இணைப்புகள்: ஒன்று மின்சாரத்துக்கும் தரையிணைப்புக்கும், மற்றது கட்டுப்பாட்டுக்கு. ராக்கெட் எழும்போது கட்டுப்பாட்டு இணைப்பு முதலில் கழல வேண்டும். அன்று பொருத்தியிருந்த இணைப்பின் நீளம் இந்த ராக்கெட்டுக்கு உரியதாக இல்லை. மின்சார இணைப்பு 29 மில்லிநொடி முந்திக் கழன்றது. தரையிணைப்பு இல்லாத அந்தச் சிறு இடைவெளியில் சுமார் 3 ஆம்பியர் மின்னோட்டத்தில் ஒரு பகுதி தப்பு வழியில் பாய்ந்து, எஞ்சினை நிறுத்தும் ரிலேயைத் தட்டிவிட்டது. நாலு அங்குலம் எழும்பிய ராக்கெட் அப்படியே மேடையில் உட்கார்ந்தது. உச்சியிலிருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்துபோக, பாராசூட்டுகள் வெளியே வந்து தொங்கின. எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டை நெருங்கப் பயந்து, பாட்டரி தீரும்வரை காத்திருந்தார்கள். நம் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்ததும் ஒரு நவம்பர் 21-தான், மூன்று ஆண்டு கழித்து, 1963-இல்.

பற்றவைப்பதில் வரும் சந்தேகத்துக்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் வேண்டுமென்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் முதல் ஏவுதல் 2024 மே 28 அன்று கடைசி நொடிகளில் நிறுத்தப்பட்டது. இக்னைட்டரின் செயல்பாட்டை ஆராய வேண்டியிருந்ததே காரணம். இரண்டு நாள் கழித்து, மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது பறந்தது. பற்றவைப்பதில் சந்தேகம் என்றால் நிறுத்திவிடுவது பெரியவர்களும் செய்வதுதான். பள்ளி மைதானத்தில் அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

தூரம் கூடக் கூடத் தடித்த ஒயராக வாங்கிக்கொண்டே போவதற்கு ஒரு எல்லை இருக்கிறது, பணத்திலும் தோள் வலிமையிலும். 30 மீட்டரைத் தாண்டினால் வேறு வழி நல்லது. பாட்டரியை ஏவுமேடைக்கு அருகே வைத்து, அங்கிருந்து இக்னைட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் தடித்த ஒயர் மட்டும் போடுங்கள். இடையில் காரில் ஹாரனுக்குப் போடும் 12 வோல்ட் ரிலே. பொத்தானிலிருந்து வரும் நீண்ட ஒயர் அந்த ரிலேயின் காயிலை மட்டும் இயக்கினால் போதும். காயிலுக்கு வேண்டியது சுமார் 0.15 ஆம்பியர். 60 மீட்டர் 0.5 ஒயரில் அதனால் இழப்பது 0.35 வோல்ட், ரிலே அதைக் கவனிக்கவே கவனிக்காது. ஆனால் பாட்டரி இப்போது ராக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. இக்னைட்டர் கிளிப்பை மாட்டுமுன் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை ஒரு பல்ப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சுற்றைச் சோதிக்கும் விளக்கிலும் இதே எச்சரிக்கை. பழைய குண்டு பல்ப் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமே சில மென்மையான இக்னைட்டர்களைக் கொளுத்திவிடும். சில மில்லிஆம்பியரில் எரியும் எல்.இ.டி. போடுவதே நல்லது.

புது ஒயரைச் சோதிக்க மல்டிமீட்டர் மட்டும் போதாது. மலிவு மீட்டரின் குச்சி ஒயர்களே ஓமில் சில பத்திலொரு பங்கு தடை காட்டும். நுனியில் பைக் ஹெட்லைட் பல்ப், 35 வாட், மாட்டி எரியவிட்டு, பாட்டரி முனையிலும் பல்ப் முனையிலும் வோல்ட் பாருங்கள். 10 மீட்டர் 0.5 ஒயரில் ஏறக்குறைய 2 வோல்ட் வித்தியாசம் வந்தால் சரி. அதைவிடக் கணிசமாக ஏறினால் எங்கோ களிம்பு, அல்லது போலிச் செம்பு.

என்னைக் கேட்டால், இந்தக் கடற்கரைக்கு நான் கை காட்டுவது ராக்கெட் கடையில் கிடைக்காத ஒரு சரக்கு: போர்வெல் மோட்டாருக்கு இறக்கும் மூன்று கோர் தட்டைக் கேபிள், 1.5 சதுர மில்லிமீட்டர். தண்ணீருக்குள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கென்றே இரட்டை உறையோடு செய்தது. மணலில் இழுத்தாலும் மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. தட்டையாக இருப்பதால் முறுக்கிக்கொள்ளாமல் சுருட்டலாம். இரண்டு கோர் ராக்கெட்டுக்கு, மூன்றாவது ஒன்று அறுந்தால் மாற்று. திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் போர்வெல் வேலை செய்பவர்களிடம் மோட்டார் ஏற்றி இறக்கியதில் மிஞ்சிய துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. வெட்டுமுனை கறுத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ராக்கெட் மோட்டார்கள் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கண்ணில் படுகிற சரக்கு என்பதையும், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கும் சென்னை விமானப் பாதைக்கும் நடுவில் இருக்கிற கடற்கரை இது என்பதையும் ஆசிரியர்கள் மனதில் வைக்க வேண்டும். அனுமதியும் அனுபவமுள்ள பெரியவரும் இல்லாமல் இறங்க வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்காத நாள் வரத்தான் செய்யும். அன்று ஓடிப்போய்ப் பார்க்காதீர்கள். சாவியைக் கழற்றுங்கள், ஒரு நிமிடம் முழுசாகக் காத்திருங்கள், ராக்கெட்டருகே போகிறவர் அந்தச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு போகட்டும்.